ஃபோர்ஹான்ட் பக்கத்துக்கு ஒரு கடின இறப்பர்: தெரிவு, ஒட்டல், பழக்கம்

என் அக்காவின் மகன் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் மேசைப்பந்து அணியில் ஆடுகிறான். மேசையை விட்டு அதிகம் பின்வாங்காமல் நின்று, வாய்ப்புக் கிடைக்கும் முதற் பந்தையே ஃபோர்ஹான்ட் டொப்ஸ்பினால் (உள்ளங்கைப் பக்கத்தால் முன்சுழற்சி கொடுத்து அடிக்கும் அடியால்) தாக்கிப் புள்ளியை முடிக்கப் பார்ப்பான். இதுவரை மட்டையின் இரு பக்கத்திலும் மென்மையான ஜேர்மன் வகை இறப்பர்களையே பாவித்து வந்தான். சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் கொண்டுவந்து கொடுத்த அவை, சின்ன வயதில் அவனுக்குப் போதுமானவையாகவே இருந்தன. தோளும் தொடையும் பலம் கொண்ட பிறகு நிலைமை மாறியது. முழு வீச்சில் அவன் அடிக்கும் பந்துகள் வளைந்து இறங்காமல் தட்டையாகப் பறந்து மேசைக்கு வெளியே போகத் தொடங்கின. பக்கத்தில் நின்றால், பந்து படும் ஒவ்வொரு முறையும் மரத்தின் சத்தம் தெளிவாகக் கேட்டது. இறப்பரின் அடியிலுள்ள ஸ்பொஞ் முழுவதும் நசுங்கி முடிந்து, மிச்ச விசையைப் பலகையே நேரடியாகத் தாங்குகிறது என்பதற்கு அந்தச் சத்தமே சான்று. ஆகவே ஃபோர்ஹான்ட் பக்கத்தை மட்டும் கடினமான, ஒட்டும் தன்மையுள்ள சீன வகை இறப்பருக்கு மாற்றுவதென்று முடிவெடுத்தோம். இங்கே இதே மாற்றத்தை யோசிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பழக்குபவர்களுக்கும் பயன்படும் என்பதால், அந்த வேலையை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன்.

கடினம், ஒட்டல் என்ற இரண்டையும் ஒன்றாகவே பேசுவது எங்கள் மண்டபங்களில் வழக்கம். ஆனால் அவை இறப்பரின் இரு வேறு பகுதிகளுக்குரிய குணங்கள். ஒட்டல் பந்து படும் மேற்தாளுக்குரியது. பந்தை இறப்பரின் மீது மெல்ல அழுத்தி மட்டையைக் கவிழ்த்துத் தூக்கினால், பந்து கணநேரம் தொங்கி நின்று பிறகு விழும். கடினம் பெரும்பாலும் அடியிலுள்ள ஸ்பொஞ்சுக்குரியது. பெருவிரலால் அழுத்தினால் ஜேர்மன் வகை உள்ளே இறங்கி உடனே விரலைத் தள்ளும். சீன வகை இறங்கவே தயங்கும், தள்ளுவதும் குறைவு. இந்தத் தள்ளும் குணம்தான் மென்மையான இறப்பரில் அரை வீச்சுக்கும் பந்தை வேகமாக அனுப்புகிறது. கடின இறப்பரில் அந்த இலவச வேகம் இல்லை. பதிலாக, எவ்வளவு பலமாக வீசினாலும் ஸ்பொஞ் தன் எல்லையைத் தொடாமல் தாங்குகிறது. மேற்தாள் பந்தைப் பற்றிக்கொண்டு, வீச்சின் விசையைச் சுழற்சியாக மாற்றிக் கொடுக்கிறது. பந்து வலைக்கு மேலே உயர்ந்து, எதிர்ப்பக்கம் சட்டென்று இறங்கி, மேசையில் பட்டதும் முன்னே பாய்கிறது. தாக்கி ஆடுபவர் விலை கொடுத்து வாங்குவது இந்த இறக்கத்தையும் பாய்ச்சலையும்தான். செலுலோயிட் பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பந்து 2014 இல் வந்த பிறகு சுழற்சி ஓரளவு குறைந்துவிட்டதால், இந்தக் குணத்தின் பெறுமதி இன்னும் கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு.

தெரிவில் அதிகம் குழப்புவது கடினத்தைக் குறிக்கும் எண். டிஎச்எஸ் என்ற சீன நிறுவனத்தின் ஹரிக்கேன் 3 வகைகளில் பொதியின் மேல் 37 முதல் 41 வரை ஒரு எண் இருக்கும். ஜேர்மன் தயாரிப்புகளில் 47.5 போன்ற எண்கள் வரும். பட்டர்ஃபிளை நிறுவனமோ தன் சொந்த அளவையில் டெனர்ஜி 05 க்கு 36, டிக்னிக்ஸ் 05 க்கு 40, ஒட்டும் வகையான டிக்னிக்ஸ் 09சி க்கு 44 என்று குறிக்கிறது. இவை மூன்றும் வெவ்வேறு அளவுகோல்கள். ஹரிக்கேனின் 39 ஐயும் ஜேர்மன் 47.5 ஐயும் பக்கத்தில் வைத்து, 39 தான் மென்மையானது என்று எண்ணி வாங்கியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கையில் அழுத்திப் பார்த்தால் அந்த 39 தான் தெளிவாகக் கடினமானது. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசைக்குள் மட்டுமே இந்த எண்களை ஒப்பிடலாம். அந்த வரிசைக்குள்ளும், ஒரே எண் அச்சிட்ட இரு தாள்கள் கையில் சற்று வேறுபடுவது உண்டு. முடிந்தால் இரண்டு பொதிகளை அழுத்திப் பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்வது நல்லது.

மருமகனின் ஆசை 41 பாகை (ஹரிக்கேனின் அந்த எண்ணைப் பாகை என்றே சொல்வோம்). சீன வீரர் மா லொங் ஹரிக்கேன் பாவித்து 2016 ரியோவிலும் பின்னர் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் சீனத் தேசிய அணி வீரர்களின் கைக்குப் போகும் நீல ஸ்பொஞ் தாள்களும், எங்களுக்குக் கொழும்பு வழியாகக் கிடைக்கும் செம்மஞ்சள் நிற ஸ்பொஞ் தாள்களும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் தரத்தில் வேறுபட்டவை. அதைவிட முக்கியமானது கால். 41 பாகையை நசுக்கிப் பந்தை உள்ளே இறக்க, வலது காலிலிருந்து இடுப்பைச் சுழற்றி முழு உடலையும் பந்துக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். அதையும் ஒரு போட்டி முழுவதும், களைத்த பின்னரும் செய்ய வேண்டும். பதினாறு வயதுப் பையன், அதுவும் உயர்தர வகுப்புக்கு முன்னரான பரீட்சைக் காலத்தில், மாலையில் மட்டும் பழகுபவன், ஐந்தாவது ஆட்டம் வரை அப்படி ஆட மாட்டான். இவ்வளவையும் அவனோடு பேசி, 39 பாகையில் ஹரிக்கேன் 3 நியோவை எடுத்தோம். டிக்னிக்ஸ் 09சி இன்னும் இலகுவாக வேகம் தரும், மாற்றமும் சிரமமாக இராது. ஆனால் அதன் விலைக்கு ஹரிக்கேன் பலவற்றை வாங்கலாம், பயிற்சியில் தேயும் பொருளுக்கு அவ்வளவு செலவிட ஒரு பாடசாலை மாணவனின் வீட்டால் முடியாது. ஃபிரெண்ட்ஷிப் 729 வரிசையில் பேட்டில் 2 என்பதையும் நண்பர் ஒருவரின் மட்டையில் அடித்துப் பார்த்தோம். மலிவானது, சுழற்சியில் குறை சொல்ல முடியாதது; ஹரிக்கேன் கையில் தந்த உணர்வு மருமகனுக்குக் கூடுதலாகப் பிடித்ததால் அதைத் தவிர்த்தோம். முதன்முறை மாறுபவர்களுக்கு அதையும் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்தாள், ஸ்பொஞ், பசை எல்லாம் சேர்த்து 4.0 மில்லிமீற்றரை மீறக்கூடாது என்பது சர்வதேச விதி. நாங்கள் எடுத்த தாளின் ஸ்பொஞ் 2.15 மில்லிமீற்றர், ஒரு படை பசையோடு அது எல்லைக்குள் அடங்கும். நிறம் கறுப்பு. சீன வீரர்களில் பெரும்பாலானோர் ஒட்டும் தாளைக் கறுப்பிலேயே வைத்துக்கொள்வதும், 2021 இல் விதி தளர்ந்து சிவப்போடு பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு ஆகியவையும் அனுமதிக்கப்பட்ட பின்னரும் ஒரு பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டியிருப்பதும் அந்தத் தெரிவை எளிதாக்கின. போலித் தாள்கள் சந்தையில் புழங்குவதால், பொதி உடைக்கப்படாமல் இருக்கிறதா, கைப்பிடியோரம் வரும் பகுதியில் சர்வதேச சம்மேளனத்தின் சின்னமும் அனுமதி இலக்கமும் எழுத்து மங்காமல் வார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தே பணம் கொடுத்தோம்.

அடுத்தது பழைய தாளைக் கழற்றும் வேலை. கைப்பிடிப் பக்கத்து மூலையிலிருந்து தொடங்கி, மர நரம்பின் போக்கிலேயே, பலகையோடு தாழ்வாக மடித்துப் பொறுமையாக உரித்தெடுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் மேற்படை மரம் சிராய்களாக எழும்பி வந்துவிடும். பலகையில் ஒட்டியிருந்த பழைய பசையை விரல் நுனியால் உருட்டி உருட்டி முழுவதும் நீக்கினோம்.

பசை விடயத்தில் எங்கள் ஊரில் ஒரு பழைய பழக்கம் இன்னும் அழியவில்லை. சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டப் பாவிக்கும் சொலூஷனால் இறப்பரை ஒட்டிய தலைமுறை எங்களுடையது. ஐரோப்பிய வீரர்களும் 1970களில் அதே வகைப் பசையிலிருந்துதான் வேகப்பசையைக் கண்டுபிடித்தார்கள். கரைப்பான் ஸ்பொஞ்சுக்குள் ஊறி அதை விரிவடையச் செய்வதால் பந்து கூடுதல் வேகத்தோடு போகும். ஆவி சுவாசத்துக்குக் கேடு என்பதால் அத்தகைய பசைகள் 2008 இல் தடைசெய்யப்பட்டன. பெயரில் வரும் நியோ என்பது அந்தத் தடைக்குப் பிறகு வந்த வகை; ஸ்பொஞ்சின் அடிப்பக்கத்தை ஆலையிலேயே பதப்படுத்தி அனுப்புகிறார்கள், பொதியைத் திறந்தவுடன் அதன் மணமும் வரும். நாமாக எண்ணெய்யோ, ஸ்பொஞ்சை விரியச் செய்யும் பூஸ்டரோ பூசுவது விதிக்குப் புறம்பு. பாடசாலைப் போட்டியில் யாரும் சோதிக்கமாட்டார்கள் என்று அதைப் பிள்ளைகளுக்குப் பூசிக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். தச்சுவேலைக்குரிய வெள்ளைப் பசையும் வேண்டாம். காய்ந்தால் இறுகி, அடுத்த முறை கழற்றும்போது ஸ்பொஞ்சைக் கிழித்து மரத்தையும் கெடுக்கும். மேசைப்பந்துக்கென்றே விற்கும் நீர்ப்பசையின் சிறு போத்தல் ஒன்று பல மாதங்களுக்குக் காணும்.

அந்தப் பசையைப் பலகையில் ஒரு மெல்லிய படையாகவும், ஸ்பொஞ்சில் அதைவிட மெல்லிய ஒரு படையாகவும் பூசினோம். ஆலைப் படலம் ஏற்கனவே இருப்பதால் நியோவுக்கு அதற்கு மேல் தேவையில்லை. பூசிய கணத்தில் பாலாக இருந்த பசை, ஓரங்களிலிருந்து மெல்ல மெல்ல நுங்கின் நிறத்துக்கு வந்து, கடைசியில் நடுவில் ஒரு வெண்தீவு மட்டும் எஞ்சி, பிறகு அதுவும் மறைந்தது. வெள்ளை முழுவதும் மறையும் வரை காத்திருப்பது மிக அவசியம். ஈரம் உள்ளே அடைபட்டால் அந்த இடத்தில் குமிழி எழும். மாரி காலத்தில் இதற்கு அதிக நேரம் எடுக்கும். மின்விசிறிக் காற்றில் வைக்கலாம், வெயிலில் வைக்கக்கூடாது. இரண்டும் காய்ந்த பின், தாளைக் கைப்பிடியின் விளிம்போடு நேராகப் பொருத்தி, அங்கிருந்து முனை நோக்கி ஒரு கண்ணாடிப் போத்தலை உருட்டிப் படிய வைத்தோம். அழுத்தி இழுக்காமல் போத்தலின் பாரத்தையே படிய விட வேண்டும். இழுபட்ட தாள் சில நாளில் சுருங்கி விளிம்பில் பின்வாங்கிவிடும். மேலே பாரமான புத்தகங்களை வைத்து ஓரிரவு விட்டு, மறுநாள் கவிழ்த்து வைத்துப் புதிய அலகு போட்ட கத்தியால் வெட்டினோம். கடின ஸ்பொஞ் மொண்ணைக் கத்திக்கு மசியாது, பிசிறடிக்கும். அலகைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து, பலகையை மெல்லத் திருப்பியபடி ஒரே ஓட்டமாக வெட்டினால் விளிம்பு சுத்தமாக வரும்.

வெட்டிய பின் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். இந்த வகைத் தாள் வெட்டிய பின் 50 கிராமை அண்டி நிற்கும். கழற்றிய மென்தாளைவிடச் சில கிராம் கூட. சில கிராம் என்றாலும் அந்தப் பாரம் மட்டையின் தலைப்பக்கம் சேர்வதால் மணிக்கட்டு உடனே உணரும். பேக்ஹான்ட் எனப்படும் பின்பக்கத்தில் பழைய மென்மையான தாளையே விட்டதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றக் காரணம், பேக்ஹான்டில் வீச்சுக்கு இடம் குறைவு. தானாகத் தள்ளும் ஸ்பொஞ் அங்கே தேவைப்படுகிறது. பலகை ஐந்து படை முழுமரம். கடினத் தாளுக்குக் கீழே சற்று வளைந்து கொடுக்கும் மரம் இருந்தால், பந்து மட்டையில் ஒரு கணம் தங்கும். மிகக் கடினமான காபன் பலகையில் இதே தாளை ஒட்டியிருந்தால், பழகும் வயதில் அவனுக்கு அந்தத் தங்கல் பிடிபட்டிராது.

முதல் மாலைகள் எளிதாக இருக்கவில்லை. பழைய வீச்சில் அடித்த பந்துகள் வலையின் நடுவிலேயே போய் விழுந்தன. "மாமா, பந்து ஒட்டுது, ஆனா போகுதில்லை" என்றான். அவன் சொன்னது சரிதான். கையால் மட்டும் வீசியபோதெல்லாம் பந்து போகவில்லை. "தம்பி, காலைப் பின்னுக்கு வச்சு இடுப்பால திரும்பு, கை கடைசியா வரட்டும்" என்று சொல்லி, பின்னோக்கிச் சுழலும் வெட்டுச் சுழற்சிப் பந்துகளைக் கூடையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தேன். எதிர்ப்பக்கத்தில் கடைக்கோட்டுக்கு முன்னால் சோக்கினால் ஒரு கோடு இழுத்து, அதற்கும் கடைக்கோட்டுக்கும் இடையில் விழுபவற்றை மட்டும் நல்ல பந்தாகக் கொண்டோம். வலையைத் தாண்டுவதைவிட ஆழம்தான் இந்த இறப்பரில் அக்கறையோடு பார்க்க வேண்டியது. உடல் முழுவதும் வராதபோது பந்து வலையைத் தாண்டினாலும் நடு மேசையில் விழுந்து எதிராளிக்கு விருந்தாகும்.

பந்து மட்டையில் எப்படிப் படுகிறது என்பதைக் காட்டித் தந்தது எங்கள் ஊர்ப் புழுதி. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் சோளகக் காற்றில் மண்டபம் வரை வரும்; பந்தில் ஒட்டி, அங்கிருந்து கறுப்புத் தாளில் படியும். பயிற்சியின் இடையில் மட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், பந்து பட்ட இடங்கள் செந்நிறத் தடங்களாகத் தெரியும். வட்டமான பொட்டு என்றால் நேராக அடித்திருக்கிறான். ஒரு பக்கம் நீண்ட தடம் என்றால் உரசி எடுத்திருக்கிறான். ஆரம்பத்தில் கைப்பிடிக்கு அருகில் வட்டப் பொட்டுகளே கூட்டமாகக் கிடந்தன. பந்து உச்சிக்கு வரும் வரை பொறுத்து, மட்டையின் தலைப்பகுதியில் எடுக்கும்படி பழக்கியபோது தடங்கள் மேலே ஏறி நீளத் தொடங்கின. ஆனால் வெறும் உரசலும் போதாது. மெல்லிய உரசலில் பந்து அழகாக வளைந்தாலும் வேகமின்றிப் போகும். முதலில் பந்தை ஸ்பொஞ்சுக்குள் அழுத்தி, அழுத்தத்தோடேயே மேலும் முன்னும் இழுக்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே அசைவில் சேர்ந்தபோது வரும் சத்தம் தாழ்ந்து கனத்தது. பழைய மரச்சத்தம் அதில் இல்லை. அந்தச் சத்தம் வந்த பந்துகளை எதிரே நின்று தடுத்துப் புளொக் செய்தவரின் மட்டையிலிருந்து பந்து மேலே எழும்பியதைப் பார்த்து மருமகனுக்கு ஏற்பட்ட நம்பிக்கை, நான் கொடுத்த எந்த விளக்கத்தாலும் வந்திராது.

சேர்விஸிலும் வலையோரத்துக் குறும்பந்திலும் பயன் முதல் நாளே தெரிந்தது. மெதுவான அசைவுக்குத் தானாகத் தள்ளாத ஸ்பொஞ் என்பதால், தொட்டு வைக்கும் பந்து உயராமல் தாழ்வாக நின்றது. அதே அசைவில் சுழற்சியும் ஏறியது. மாறாக, சும்மா மட்டையைக் காட்டி நிற்கும் புளொக் இதில் எடுபடாது. பந்து குறுகி வலையில் விழும். சிறிதாவது முன்னே தள்ளியோ மேலே உரசியோதான் திருப்ப வேண்டும். காத்திருந்து தடுத்து ஆடும் பிள்ளைக்கு இந்த இறப்பரை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

பராமரிப்பைத் தெரிவின் ஒரு பகுதியாகவே யாழ்ப்பாணத்தில் எண்ண வேண்டும். ஒட்டும் தாள் புழுதியைச் சேர்க்கும். புழுதி சேர்ந்த தாள் ஒட்டாது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் ஈர ஸ்பொஞ்சால் துடைத்து, காய்ந்த பின் பிளாஸ்டிக் உறைத்தாளைக் காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டி மூடுகிறோம். துடைக்கக் கிணற்றுத் தண்ணீரைப் பாவிப்பதில்லை. எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வழியே வருவதால், கேத்தலின் அடியில் படிவதைப் போலவே கறுப்புத் தாளிலும் காய்ந்ததும் வெண்படிவை விட்டுச் செல்கிறது. அது மேலும் மேலும் சேர்ந்தால் தாள் வழுக்கும். மழைநீரோ கடையில் விற்கும் போத்தல் தண்ணீரோ சில துளி போதும். சவர்க்காரம் வேண்டவே வேண்டாம். வாடைக்காற்றோடு மழை பிடிக்கும் மாதங்களில் வேறொரு சிக்கல் உண்டு. திறந்த யன்னல் மண்டபத்தில் ஈரக்காற்று தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து, எவ்வளவு உரசினாலும் பந்து நழுவும். அந்த நாட்களில் ஆட்டத்துக்கு இடையிலேயே காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கிறோம். மட்டையை உறையில் போட்டு மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் வெயிலில் விட்டுச் செல்லும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னேன். வெப்பம் ஒட்டலை வேகமாகக் கெடுக்கும்.

இப்போது ஆலைப் பதத்தின் முதற் துள்ளல் அடங்கி, தாள் சற்று இறுகி நிதானப்பட்டிருக்கிறது. இது எதிர்பார்த்ததுதான், முதல் வாரங்களின் துள்ளலை வைத்து இந்த இறப்பரை மதிப்பிடக்கூடாது. பந்து தொங்கும் நேரம் குறைந்திருந்தாலும் பிடிப்பு குறையவில்லை. தொங்கும் சோதனை மேற்பரப்பின் ஒட்டலை மட்டுமே காட்டும், வேகமான வீச்சில் பந்தைப் பற்றுவது தாளின் இழுவை. மட்டையின் தலைப்பகுதியில், தடங்கள் அதிகம் விழும் இடத்தில், பளபளப்பு மங்கத் தொடங்கியிருக்கிறது. அந்த மங்கல் நடுப்பகுதி வரை பரவி, சேர்விஸில் சுழற்சி குறைவதை எதிராளி உணரும் கட்டம் வந்ததும் தாளை மாற்றுவோம். அப்போதும் 39 தான். 40 க்கு ஏறுவதா என்பதை, ஐந்தாவது ஆட்டத்தின் கடைசிப் புள்ளிகளில் அவனுடைய பந்து சோக்குக் கோட்டைத் தாண்டி விழுகிறதா என்று பார்த்தே தீர்மானிப்பதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.